யாருடைய அந்தோணியார்?

அடையாறு உடைந்த பாலத்துப் பக்கம் ஒரு சாயங்காலம். பேச்சு எங்கெங்கோ போய்க் கச்சத்தீவில் வந்து நின்றது. "அது யாருக்குச் சொந்தம், அதை மட்டும் சொல்லு" என்றான் நண்பன். 1974 ஒப்பந்தப்படி இலங்கைக்கு. பதில் அவ்வளவுதான். ஆனால் கேள்வியே சரியா என்ற சந்தேகம் எனக்கு.

285 ஏக்கர் தீவு. ஊர் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது. இருப்பது அந்தோணியார் கோயில். நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி என்பவர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டியதாகச் சொல்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, தவக்காலத்தில், ராமேஸ்வரத்துப் படகுகளும் யாழ்ப்பாணப் படகுகளும் அங்கே கூடும். போர்க்காலத்தில் அதுவும் பல வருஷம் நின்றுபோனது.

என் தொழிலில் ஓனர்ஷிப் வேறு, ஆக்சஸ் வேறு. 1974 ஒப்பந்தமும் அப்படித்தான். தீவு இலங்கைக்கு; ஆனால் இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் முன்போலவே வந்துபோகலாம் என்கிறது அதன் 5ஆம் பிரிவு.

2024இல் ராமேஸ்வரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். சக மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததற்கு எதிர்ப்பு. கோபத்தைச் சாமிகிட்டயா காட்டுறது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு யோசித்தால், கூட வலை இழுத்தவன் சிறையில் இருக்கும்போது திருவிழாவுக்குப் போய் நிற்பதும் ஒரு பொய்தானே?

ஆனால் மறுகரை இருக்கிறது. நம் இழுவைமடிப் படகுகள் கடலடியைச் சுரண்டிக்கொண்டு போவதாகக் குமுறும் யாழ்ப்பாண மீனவரும் ஏழைதான், தமிழர்தான். இலங்கை அந்த மடியை 2017இல் சட்டம் போட்டே தடைசெய்தது. நடுக்கடலில் எதிரியாகப் பார்க்கும் முகத்தை, ஒரே பூசையில் பக்கத்து ஆளாகப் பார்க்க வைக்கிற இடம் அந்தக் கோயில். புறக்கணிப்பில் நியாயம் இருந்தது. அந்த வருஷம் அந்தப் பார்வை இல்லாமல் போனது, அதுவும் நிஜம்.

பழைய கோயிலுக்குப் பக்கத்தில் இலங்கைக் கடற்படை 2016இல் புதுக் கோயில் கட்டிக்கொடுத்தது. சுவரை யாரும் கட்டிவிடலாம். இரண்டு கரையும் வந்து நிற்காவிட்டால் அது வெறும் கட்டடம். மரபு என்பது கையில் வைத்திருப்பதில்லை, போய்வந்துகொண்டே இருப்பதில் இருக்கிறது. உரிமை என்று நாம் பேசுவதில் பாதி, உண்மையில் கடமை.

நண்பன் கேட்டான்: "அப்போ நம்மளோடது இல்லங்கிறியா?"

நான் ஒருமுறைகூட அங்கே போனதில்லை. "நம்முடையது" என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.