காணாப் பலன்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் 65 மாடிகளுடன் எழும்பிய கொம்தார் கோபுரம், கட்டி முடியாதிருந்த காலத்திலேயே, 1983 ஜனவரியில், தீ விபத்துக்கு உள்ளாயிற்று என்பதை நினைக்குந்தோறும், விதியை நம்புகிறவன் தீக்காப்பில் சிரத்தை கொள்வது முரணாகாதா என்ற பழைய வினா என் மனத்தில் எழுகிறது. ஆகாது என்பதே என் திடமான எண்ணம். ஊழ் இன்னதென்று அறியாத மனிதனுக்கு முயற்சியே தர்மம்.

ஆட்கள் அன்றாடம் வேலை செய்யும் பழைய அலுவலகத்தில் புதிதாகத் தீக்காப்பைப் பொருத்தும்போது இத்தர்மம் கடினமானது: புதிய எச்சரிக்கை மணி சோதனையில் தேறும்வரை பழைய மணியை அணைக்கலாகாது, நீர்க்குழாயை அடைத்திருக்கும் நேரமெல்லாம் அம்மாடியில் ஒருவர் கண்விழித்துக் காவல் நிற்க வேண்டும். கூரையிலுள்ள நீர்தெளிப்பானில், சுண்டுவிரலினும் மெல்லிய கண்ணாடிக் குமிழுக்குள் செந்நிறத் திரவம் நிற்கிறது. சுமார் 68 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது விரிந்து குமிழை உடைக்க, நீர் பாயும். பெரும்பாலான குமிழ்கள் ஒருநாளும் உடைவதில்லை. உபந்நியாசங்களில் நாம் கேட்கும், பலன் கருதாத நிஷ்காம கர்மத்துக்கு இதனினும் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மலேசியாவின் 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டம், குறித்த வகைக் கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழை விதிக்கிறது. அதற்கு அஞ்சியே குழாய் பதிக்கிற உரிமையாளரின் புண்ணியத்தையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். மாடியிலிருப்பவர்களை அந்த நீரும் காக்கவே செய்யும்.