பற்றும் பழியும்

வன்முறைக்குப் பகைமையே காரணம் என்பது நாம் பொதுவாக ஏற்றுக்கொண்டுள்ள கருத்தாகும். பகையை நீக்கி அன்பைப் புகட்டினால் இளைஞர் கைகள் ஆயுதத்தைத் தொடா என்றும் நம்புகின்றோம். பாடசாலைகளில் நடாத்தப்படும் சமாதான நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இந்நம்பிக்கையின் மீதே எழுந்தவை. இந்நம்பிக்கை முழுமையானதா என்பதை எமது மன்னார் மண்ணில் நிகழ்ந்த துயரமொன்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2022 ஜூன் மாதத்தில் மன்னார் உயிலங்குளப் பகுதியில் சகோதரர் இருவர் வெட்டிக் கொல்லப்பட்டனர். மாட்டுவண்டிச் சவாரியில் எழுந்த பிணக்கே அதன் தொடக்கம் எனக் கூறப்பட்டது. 2025 ஜனவரி 16 ஆம் திகதி மன்னார் நீதிமன்றத்தின் முன்னால், வழக்கிற்கு வந்தோர்மீது துப்பாக்கிச் சூடு நடாத்தப்பட்டது; இருவர் மாண்டனர். முன்னைய கொலைகளுக்கான பழிவாங்கலாகவே பொலிஸார் இதனைக் கருதினர்.

கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸ் கி.மு. 458 இல் அரங்கேற்றிய ஒரெஸ்தியா என்னும் நாடகத் தொடர் ஈண்டு நினைவுக்கு வருகின்றது. தந்தையைக் கொன்ற தாயை மகன் கொல்கின்றான். பழி பழியை ஈன்று செல்லும் அச்சங்கிலி, ஏதென்ஸ் நகரில் நீதிமன்றம் நிறுவப்பட்டதும் அறுகின்றது. மன்னாரிலோ பழி நீதிமன்ற வாயில்வரை வந்து அங்கேயே குருதி சிந்தியது. சட்டம் குற்றவாளியைத் தண்டிக்க வல்லது. பழி தீர்ப்பது கடமை என்று நெஞ்சிலெழும் உணர்ச்சியை அகற்ற அது மட்டும் போதாது.

கடமை என்னும் சொல்லை வேண்டுமென்றே ஆள்கின்றேன். இவ்வழக்கின் உண்மையை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். பொதுவில், கூட்டமாகத் தாக்கப் புறப்படும் இளைஞன் தன்னைக் கொடியவனாக எண்ணுவதில்லை. பாடசாலை நாட்களில், விளையாட்டுப் போட்டியொன்றின் பின்னர் எதிரணி மாணவனொருவனை அடிக்கச் சென்றோருடன் நானும் சென்றேன். அவன்மீது எனக்குக் கோபம் ஏதும் இருக்கவில்லை. போகாது நின்றால் நண்பர் என்னை எவ்வாறு மதிப்பர் என்ற அச்சமே என்னை நடாத்திச் சென்றது. அன்று என்னிடம் குறைந்திருந்தது அன்பன்று. என்னவரைத் தடுக்கும் துணிவேயாகும்.

2019 மார்ச் மாதம், சிவராத்திரிக்கு முதல்நாள், திருக்கேதீச்சரம் செல்லும் வழியில் அமைக்கப்பட்ட அலங்கார வளைவு தொடர்பாகச் சைவருக்கும் கத்தோலிக்கருக்குமிடையே மூண்ட மோதலையும் நாமறிவோம். மோதியோர் ஒரே மொழி பேசும் அயலவர். அவர்களை எதிரெதிரே நிறுத்தியதில் தத்தம் சமயத்தின்மீது கொண்ட பற்றுக்கும் பங்குண்டு. எனவே, பிற இனத்தாரை நேசிக்கக் கற்பிப்பது நன்றேயெனினும், அத்துடன் பணி முடிந்துவிடுவதில்லை.

சமூக ஒருங்கிணைப்புக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றிய தேசியக் கொள்கை 2008 இல் இலங்கைக் கல்வி அமைச்சினால் வெளியிடப்பட்டது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மத்தியஸ்த சபைகளும் இயங்குகின்றன. அச்சபைகளில் ஒவ்வொரு தரப்பினரும் தமக்கென ஒரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்வர். அவ்விருவரும் கூடி மூன்றாமவரைத் தலைவராகத் தெரிவுசெய்வர். நான் தெரிந்தெடுத்தவர் எனது வழக்கறிஞர் அல்லர். என் தவறை எனக்கே எடுத்துரைக்கவும் வல்லவர். இப்பண்பையே பாடசாலை வளர்த்தல் வேண்டும். மாணவத் தலைவனும் அணித்தலைவனும் முதலில் தம் பக்கத்தாரைத் தடுக்கப் பழகுதல் வேண்டும். ஊரில் சவாரி நடாத்துவோரும் விளையாட்டுக் கழகத்தினரும், போட்டி தொடங்குமுன்னரே இரு தரப்பிலும் தம்மவரை அடக்க வல்லவரை நியமித்து, பிணக்கு எழுந்த அன்றே அதனை விசாரித்தல் வேண்டும்.

தம்மவரைத் தடுப்பவன் துரோகியாகானா என்று கேட்கலாம். துரோகி என்னும் அச்சொல் எம்மண்ணில் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை அறியாதார் யார்? போர் 2009 இல் ஓய்ந்தபோது எம்மிற் பலர் சிறுபிள்ளைகள். ஆயினும் அச்சொல்லின் அச்சத்தை மூத்தோரிடமிருந்து பெற்றுக்கொண்டோம். நண்பன் நெறி தவறுமிடத்துக் கடிந்து திருத்துவதை நட்பின் கடமையாகவே கொண்டார் வள்ளுவர். அதனைத் துரோகமென்பது நட்பையே அறியாதார் கூற்றாகும்.

தடுத்தல் என்பது அநீதியை மறத்தலன்று. இழந்தோர்க்கு நீதி காலந்தாழ்த்தாது கிட்டல் வேண்டும். அது கிட்டாதவிடத்துப் பொறுமையைப் போதிப்பவன் சொல் எடுபடாது. ஆயினும், நீதி வருமளவும் தன் தம்பியின் கையைப் பற்றி நிறுத்தும் அண்ணன் ஒருவன் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். அத்தகையோரை உருவாக்கும் கல்வியே சமாதானக் கல்வி. அன்று போட்டி மைதானத்தில் அவ்வாறு நிற்கத் தவறிய நான், இனியேனும் நிற்கும் துணிவை வேண்டி இதனை எழுதுகின்றேன்.