இருக்கையும் இருப்பவரும்

"அடுக்குமாடிக் கட்டடத்திற்குக் குடிபெயர இருக்கிறோம். பழைய மரச்சாமான்களை விற்றுவிட்டுப் புதியன வாங்குவதா, பழையனவற்றையே செப்பனிட்டு வைத்துக்கொள்வதா? இதில் தம்மம் யாது?" என்று தாராவி அன்பர் ஒருவர் அண்மையில் நம்மை வினவினார். அவர் மைந்தன் பளபளக்கும் புதிய சோபா வேண்டும் என்கிறான். மருமகளோ சோர் பஜாரில் விற்கும் சித்திர வேலைப்பாடமைந்த புராதன நாற்காலிகளை விரும்புகிறாள். அன்பருக்கோ தம் தந்தையாரின் தேக்கங்கட்டிலைப் பிரிய மனமில்லை. கேட்டவர் சிலர் நகைத்தனர். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் தம்மத்திற்கும் என்ன தொடர்பு என்பது அவர்தம் எண்ணம். நாம் நகைக்கவில்லை. ஏன் என்பதைக் கூறுவோம்.

மணிமேகலையைக் கற்றோர் மணிபல்லவத்துப் பீடிகையை அறிவர். மணிகள் இழைத்த அவ்வாசனம் தமதே என்று நாகநாட்டு மன்னர் இருவர் படை திரட்டிப் பொருதனர். பெருமான் தோன்றிப் போரை நிறுத்தி, அதன்மீது அமர்ந்து அறம் உரைத்தார். இலங்கையின் மகாவம்சமும் இதனை ஒத்த வரலாற்றைக் கூறி, பொருதவர் மாமனும் மருகனும் என்கிறது. அம்மன்னர்களுக்கு அமர வேறு இடம் இல்லாமலா போயிற்று? அவர்கள் பொருதது அமர்வதற்கன்று. 'எனது' என்று சொல்வதற்கே.

ஆசனத்திற்கு மற்றொரு வரலாறும் உண்டு. அஃது அமர விடாது தடுக்கப்பட்டோரின் வரலாறு. பாபாசாகேப் அம்பேத்கர் பள்ளிச் சிறுவராய் இருந்த காலத்து, வகுப்பின் மூலையில் ஒரு சாக்குத் துண்டின்மீது தனியே அமர்ந்தார். பள்ளியைத் தூய்மை செய்யும் ஏவலன் அதனைத் தீண்ட மாட்டான். ஆதலால் மாலையில் வீட்டிற்கு எடுத்துச்சென்று மறுநாள் கொணர வேண்டியிருந்தது. இது பழங்கதை என்பீரோ? 2020-ஆம் ஆண்டில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவியைத் தரையில் அமர்த்தி, ஏனையோர் நாற்காலிகளில் வீற்றிருந்த படம் வெளியானது. ஆதலின் நம்மவர் இல்லத்தில் ஒரு நாற்காலி இருப்பது ஆடம்பரம் என்று எவரும் நமக்கு உபதேசிக்க வேண்டா. அது மானம்.

எனினும் மானம் எந்த இடத்தில் செருக்காக மாறுகிறது என்பதை நாமே கண்காணித்தல் வேண்டும்.

முதற்கண் பொருளின் இயல்பை ஆராய்வோம். மட்டன் தெருவிலும் ஜோகேஸ்வரியின் ஓஷிவாராப் பகுதியிலும் பழைய மரச்சாமான்கள் குவிந்து கிடக்கின்றன. ஆங்குள்ள வணிகர் எதனையும் புராதனம் என்றே கூறுவர். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமோ, இத்தகைய பொருள் 100 ஆண்டுகளுக்குக் குறையாதிருந்தாலன்றி அதனைத் தொல்பொருள் என ஏற்பதில்லை. நாற்பது ஆண்டு பழகிய மேசை வெறும் பழைய மேசையே. பழமையைப் பொய்யாக ஏற்றுவோரும் உளர். நூற்றைம்பது ஆண்டுப் பொருள் என்பார். திருகாணியின் தலையில் சிலுவைப் பள்ளம் இருக்கும். அவ்வகைத் திருகாணி 1930-களிலேதான் வழக்கிற்கு வந்தது. அதனைப் பின்னர் மாற்றியிருக்கலாம் எனினும், ஐயுறுவதற்கு அது போதும். இழுப்பறையை வெளியே எடுத்து அதன் அடிப்பலகையையும், பீரோவைத் திருப்பி அதன் முதுகையும் நோக்குக. முகம் பழையதாகவும் முதுகு புதியதாகவும் இருக்குமாயின் விலகுக. துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் உதிருமாயின் உள்ளே புழு உளது. கட்டிலின் மூட்டுகளில் மூட்டைப்பூச்சி குடியிருக்கும். அது சாதி பார்ப்பதில்லை, எல்லோரையும் கடிக்கும்.

புதியன எல்லாம் நல்லன என்பதும் மயக்கமே. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையின்மேல் மெல்லிய தாள் ஒட்டி விற்கின்றனர். மும்பையின் நான்கு மாத மழையில் ஈரம் புகின் அப்பலகை உப்பிப் பொரிந்துவிடும். தச்சராலும் அதனைத் திருத்தல் இயலாது. தவணை முடியுமுன் சாமான் முடிந்துவிடும். இடத்தையும் எண்ணுக. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் அளிக்கப்பட்ட வீடு முதலில் 225 சதுர அடி, பின்னர் 269, அதன்பின் 300. அதனுள் அரண்மனைச் சோபாவை நுழைத்தால் குழந்தை எங்ஙனம் தவழும்? மாணவன் எங்கே அமர்ந்து படிப்பான்?

இனி முன்னோர் காட்டிய வழியைக் காண்போம். செல்வம் நிலைத்த குடும்பங்கள் நான்கு காரணங்களால் நிலைக்கின்றன என்று அங்குத்தர நிகாயம் கூறும். அவற்றுள் ஒன்று, பழுதானதைச் செப்பனிடுதல். உதயண மன்னனின் தேவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை ஈந்தனர். இத்துணையும் எதற்கு என்று மன்னன் வினவ, ஆனந்தர் விடையிறுத்தார்: ஆடை கிழிந்தோர்க்குப் பகிர்வோம், கிழிந்தவை விரிப்பாகும், விரிப்பு நைந்தால் தரைவிரிப்பாகும், பின் கால்துடைப்பாகும், இறுதியில் மண்ணோடு பிசைந்து தளம் பூசப் பயன்படும். பொருள் நிலையற்றது என்று அறிந்தவர் அதனை எறிந்துவிடவில்லை. கடைசி இழைவரை மதித்தார். அநித்தியத்தை அறிதல் என்பது இதுவே.

இவற்றையெல்லாம் பிறர்க்கு உரைத்த நாமே ஒருமுறை தவறினோம். அதனை மறைத்தல் முறையன்று.

1982 ஜனவரி 18-ஆம் நாள் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் மும்பையின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்கின. எஞ்சிய ஓர் ஆலையில் நாம் இளமையில் தறியின்முன் எட்டு மணி நேரம் நின்று உழைத்தோம். பெஞ்சு ஒன்று இருந்தது, அது மேஸ்திரிக்கு. ஆலை மூடிய பின் அத்தகைய பெஞ்சுகளும் மரப் பாபின்களும் பங்கார்க் கடைகளுக்குச் சென்றன. இன்று பாபின்கள் மேசை விளக்குகளாகின்றன; பெஞ்சுகளோ 'ஆலைக்காலப் புராதனம்' என்று நம் பழைய மாதக்கூலிக்கு மேற்பட்ட விலைக்குப் போகின்றன. நம்மை அமர விடாத பலகை செல்வர் கூடத்தின் அழகுப்பொருளாயிற்று. அதனைக் கண்டு மனம் கொதித்த நாளில், வீம்பாக ஒரு பெரிய சித்திர நாற்காலியை மட்டன் தெருவில் வாங்கினோம். வருவோர் கண்ணிற் படும்படி நிறுத்தி, அதிலமர்ந்தே தம்மம் பேசினோம். கேட்போர் பாயில் இருந்தனர்.

ஒருநாள் எங்கள் கட்டடத்துப் படிகளைக் கூட்டும் மூதாட்டியார் தண்ணீர் வேண்டி உள்ளே வந்தார். "அமருங்கள், அம்மா" என்றோம். அவர் அந்நாற்காலியை ஒருமுறை நோக்கினார்; பின் அதன் காலடியில் வெறுந்தரையில் அமர்ந்தார். நாமும் மறுமுறை வற்புறுத்தவில்லை. அவர் சென்ற பின்னரே சாக்குத் துண்டு நம் நினைவிற்கு வந்தது. அன்று அதனை விரித்தவர் எவரோ. இன்று விரித்தவர் நாமே அல்லவா?

உபோசத நாளில் உயர்ந்த, பெரிய ஆசனங்களைத் தவிர்ப்போம் என்று சீலம் ஏற்கிறோம். மரத்தின் உயரத்தை முழக்கோலால் அளந்துவிடலாம். மனத்தின் உயரத்தை அளப்பதே அச்சீலத்தின் கருத்து என்று அன்று உணர்ந்தோம். நாற்காலியை நாம் உடைக்கவில்லை. பழுதற்ற பொருளை உடைப்பதும் ஒருவகைச் செருக்கே. அது இப்பொழுது வாயிலருகே இருக்கிறது. முதலில் வருபவர் அதில் அமர்வார். அம்மூதாட்டியார் மூன்றாம் முறை அழைத்தபோது அமர்ந்தார்.

ஆதலின் அன்பருக்கு நமது விடை இதுவே. தந்தையாரின் தேக்கங்கட்டில் உளுக்காததாயின் தச்சரை அழைத்துச் செப்பனிடுக. பேரப்பிள்ளைகள் படிக்க எளிய புதிய மேசை ஒன்று வாங்குக. அது கடனின்றி வாங்கக்கூடியதாயிருக்கட்டும். மருமகள் விரும்பும் பழைய நாற்காலி உறுதியானதாயின் அதனையும் மறுக்க வேண்டா. பழமையும் புதுமையும் குற்றமுமல்ல, குணமுமல்ல. வாங்குமுன் ஒன்றை மட்டும் வினவுக: 'நம் படியைக் கூட்டுபவர் வந்தால், இதில் தயங்காது அமர்வாரா?' ஆம் எனின், எவ்விலையாயினும் அது தக்க பொருள். அன்று எனின், இலவசமாய்க் கிடைப்பினும் அது நம் இல்லத்திற்கு ஆகாது.

அனைவரும் அமர்க, அனைவரும் நலம் பெறுக.