கடவுள் காத்த காடா?

எத்தியோப்பியாவின் வடகோடியில் உள்ள டிக்ரே மலைநாட்டில் வயதான மரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தேவாலயத்துக்குத்தான் போக வேண்டும். சுற்றிலும் உழுத நிலமும் மேய்ச்சல் பொட்டலும், நடுவே ஒரு பச்சைத் திட்டு, அதற்குள் தேவாலயம். “கடவுள் காத்த காடு” என்கிறார் பக்தர்.

ஒரு கேள்வி. தேவாலய மதிலுக்கு உள்ளே நின்ற மரத்தைக் காத்த கடவுள், மதிலுக்கு வெளியே நின்ற மரத்தை ஏன் கைவிட்டார்? இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே மண். உள்ளே கோடரி போகக் கூடாது என்று மனிதர்கள் கட்டுப்பாடு வைத்தார்கள், வெளியே வைக்கவில்லை. அந்தக் காட்டைக் காத்தது மனிதர்களின் கட்டுப்பாடு. அதற்குச் சாமியின் பெயரைச் சூட்டினார்கள், அவ்வளவே.

பக்தரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. படித்தவர்களிடமும் ஒரு மூடநம்பிக்கை உண்டு. “ஜனம் பெருத்தது, காடு அழிந்தது” என்பது அவர்களுடைய மந்திரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவில் 40 விழுக்காடு காடாக இருந்தது என்று ஒரு கணக்கை அறிக்கைக்கு அறிக்கை எடுத்து எழுதினார்கள். வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மெக்கன் அதன் வேரைத் தேடிப் போனார். உறுதியான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆயிரம் பேர் திரும்பச் சொன்னதால் பொய் மெய்யாகிவிடாது; அது புராணத்துக்கும் பொருந்தும், புள்ளிவிவரத்துக்கும் பொருந்தும்.

ஆதாரம் வேறு இடத்தில் இருந்தது. 1868-இல் எத்தியோப்பியப் பேரரசர் தெவோத்ரோசுக்கு எதிராகத் தளபதி நேப்பியர் தலைமையில் பிரிட்டிஷ் இந்தியப் படை டிக்ரே மலைகளைக் கடந்து போனது. வழியில் ஒளிப்படங்கள் எடுத்தார்கள். 140 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் அதே இடங்களில் நின்று மறுபடி படமெடுத்து, 2009-இல் ஆய்வை வெளியிட்டார்கள். ஜனம் குறைவாக இருந்த 1868-இலேயே மலைகள் மொட்டையாகத்தான் இருந்தன. ஜனம் பல மடங்கு பெருகிய பிறகு எடுத்த படங்களில் பசுமை கூடியிருந்தது.

அப்படியானால் மலையை மொட்டையாக்கி மண்ணைத் தின்றது எது? அந்த மலைநாட்டில் மழையின் பெரும்பகுதி ஜூலை, ஆகஸ்டில் கொட்டித் தீர்த்துவிடும். அவர்களின் முதன்மைத் தானியமான தெஃப் பொடி விதை; அதற்கு மண்ணைத் திரும்பத் திரும்ப உழுது புழுதியாக்க வேண்டும். முதல் பெருமழை விழும்போது நிலம் வெறுமையாகக் கிடக்கும். சமவெளியில் இது தாங்கும். சரிவில் மண் மழையோடு போய்விடும், ஓடை அறுத்துப் பள்ளமாகும். தெரிந்தும் ஏன் சரிவில் உழுதான் குடியானவன்? பிரபுக்களும் மடங்களும் கப்பம் வாங்கித் தின்ற நாட்டில் நல்ல நிலம் வசதி படைத்தவர்களிடம் இருந்தது. ஏழைக்கு மிஞ்சியது சரிவு. 1975-இல்தான் அங்கே நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. வயிற்றுப்பாட்டுக்காகச் செங்குத்தில் ஏர் பூட்டியவனை மண்ணின் எதிரி என்கிறோம். அவனை அங்கே துரத்திய முறையை மட்டும் விதி என்கிறோம்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1984-இன் பெரும் பஞ்சத்தைக் கண்ட அதே மக்கள் கல்வரப்புக் கட்டினார்கள், படிவரப்பு வெட்டினார்கள். சரிவுகளில் மாடும் கோடரியும் நுழையாமல் அடைத்து, ஊர் கூடி விதி எழுதி, காவலுக்கு ஆள் வைத்தார்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 20 நாள் கூலியில்லாமல் உழைத்தார்கள். விறகுக்கும் மேய்ச்சலுக்கும் வழியடைபட்ட சுமையை ஏழை வீடுகளே முதலில் தாங்கின. வறண்ட கிணறுகளில் நீர் ஊறியது. அப்ரேஹா வெ அட்ஸ்பெஹா என்ற கிராமம் 2012-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசைப் பெற்றது. அங்கே எந்தத் தேவதையும் இறங்கி வரவில்லை. மதிலுக்குள் சாமியின் பெயரால் நடந்த அதே காரியத்தை மதிலுக்கு வெளியே மனிதர்கள் தங்கள் பெயராலேயே செய்து காட்டினார்கள்.

2020-இல் எத்தியோப்பிய அரசுக்கும் டிக்ரேயை ஆண்ட கட்சிக்கும் இடையே போர் வந்தது. முற்றுகையில் மின்சாரமும் எரிபொருளும் நின்றன. உலை வைக்க வேறு வழியில்லாமல் மக்கள் தாங்கள் வளர்த்த மரத்தையே வெட்டினார்கள். இதற்கு எந்த வானத்தைக் குற்றம் சொல்வது?

“மக்கள்தான் காட்டை அழித்தார்கள்” என்று இனி யாராவது சொன்னால் விடாதீர்கள். அந்த மக்கள் யாருக்குக் கப்பம் கட்டினார்கள், யார் அவர்களைச் சரிவுக்குத் தள்ளினார்கள், எந்தப் போர் அவர்கள் அடுப்பை அணைத்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் மலைச்சரிவில் இல்லை.