மகிழ மரத்தடியில் ஒரு சம்மதம்

சங்கிலியாரை மணக்க வேண்டுமானால் திருவொற்றியூரை விட்டுப் பிரியமாட்டேன் என்று நாயன்மார்களில் ஒருவரான சுந்தரர் சத்தியம் செய்தாக வேண்டும். அவரோ தலம் தலமாகப் போய்ப் பாடுகிறவர். ஆகவே ஒரு தந்திரம் செய்தார். சத்தியம் செய்யும் நேரத்தில் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடமே கேட்டுக்கொண்டார். சிவனும் சரி என்றார். ஆனால் சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிட்டார். மறுநாள் சங்கிலியாரின் தோழியர் மரத்தடியிலேயே சத்தியம் செய்யக் கேட்க, சுந்தரருக்கு வேறு வழியில்லாமல் போனது. திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை இன்றும் நடக்கிறது.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் இந்தக் கதையில் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. ஒரு தரப்புக்கு முழு விவரமும் தெரியாமல் நடக்கும் உடன்பாடு செல்லுமா? சங்கிலியாரை விவரம் தெரியாமல் விட சிவனுக்கே மனம் வரவில்லை.

பிசியோதெரபி அறையில் அப்படிக் கனவில் வந்து சொல்ல யாருமில்லை. சென்னை காசிமேட்டில் மீன்வலை இழுத்துத் தோள்பட்டை போனவரிடம் ஒரு சிட்டிங்குக்கு எவ்வளவு என்று சொல்வார்கள். மொத்தம் எத்தனை சிட்டிங் என்று கேட்டால், "போகப் போகப் பார்க்கலாம்" என்பார்கள். பாதியில் பணம் தீர்ந்தால் பயிற்சி நின்றுபோகும், தோள் பழையபடி இறுகும்.

சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லாமல் பெறும் சம்மதம் செல்லாது என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பட்டியலில் கட்டணம் இல்லை. மருத்துவ நிறுவனங்களுக்கான 2012-ஆம் ஆண்டு மத்திய விதிகள், கட்டண விவரத்தை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் எழுதி வைக்கச் சொல்கின்றன. ஆனால் தமிழ்நாடு பின்பற்றுவது தனது 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தை என்பதால் அவை இங்கே பொருந்துவதில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் கட்டண வெளிப்படைத்தன்மைக்கும் இடமுண்டு. அமெரிக்காவில், காப்பீடு இல்லாதவருக்கு முன்கூட்டியே கட்டண மதிப்பீடு தருவது 2022 முதல் கட்டாயம். அதைவிடக் குறைந்தது 400 டாலர் கூடுதலாக பில் வந்தால் அவர் முறையிடலாம்.

உடம்பு எப்போது தேறும் என்று யாரால் சொல்ல முடியும் என்று சிகிச்சையாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மதிப்பீடு என்பது குணமாகும் என்ற உத்தரவாதம் அல்ல. முதல் பத்து சிட்டிங்குக்கு இவ்வளவு, பிறகு சோதித்துப் பார்த்து மேற்கொண்டு பேசலாம் என்று ஒரு தாளில் எழுதித் தர முடியும். குணமாக்கும் கையிடம் விலை கேட்பதா என்று நோயாளி கூச்சப்படுகிறார். அந்தக் கூச்சம் இருப்பதாலேயே, அவர் கேட்கும் முன் சொல்வது சிகிச்சையாளரின் கடமையாகிறது.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பயிற்சி கிடைக்கிறது. ஆனால் எண்ணூரிலிருந்து வந்துபோகும் நாளில் இழக்கும் கூலி எந்த பில்லிலும் ஏறாது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிசியோதெரபியை வீட்டுக்கே கொண்டுவந்து அந்த இழப்பைக் குறைக்கிறது. தனியார் நிலையத்துக்குப் போகிறவருக்கு, கட்டணத்தோடு எத்தனை நாள் வேலையை விட வேண்டியிருக்கும் என்பதும் தெரிந்தால்தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது புரியும்.