அன்னாள் தைத்த சின்னச் சட்டை



தேவன் ஒரு மனுஷனை ஊழியத்துக்கு அழைக்கிறார். அவன் மனைவியோடு ஜெபித்து, வீட்டைக் காலி பண்ணி, கடல் கடந்து போகிறான். இடுப்பிலிருக்கிற பிள்ளையும் கூடவே போகிறது. அந்தப் பிள்ளையை யார் கேட்டார்கள்? மிஷனெரி கூட்டங்களில் இந்தக் கேள்வியை நாம் எழுப்புகிறதில்லை. எழுப்பினால் விசுவாசக் குறைவு என்று சொல்லிவிடுவார்களோ என்கிற பயம்.

மத்தேயு 10:37ஐ வாசித்தால், பிள்ளைப்பாசமும் கர்த்தருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்று தெரிகிறது. 1 தீமோத்தேயு 5:8ஐ வாசித்தால், தன் வீட்டாரைக் கவனியாதவனுக்கு அவிசுவாசியைவிடத் தாழ்வான இடம்தான் என்று தெரிகிறது. இரண்டும் ஒரே வேதத்தில்தான் இருக்கின்றன. பிரசங்க மேடையில் முதலாவதையே அதிகம் கேட்கிறோம்.

அதற்கு நாம் சொல்லும் உதாரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். டாக்டர் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வைத்தியத் தொழிலை விட்டு 1819இல் கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் ஊழியம் செய்தார், 1836இல் சென்னைக்கு வந்தார். அவருடைய குமாரர் ஏழு பேர் இந்தியாவிலே மிஷனெரிகளானார்கள். பண்டத்தரிப்பில் 1822இல் பிறந்த ஹென்றி, சிறுவனாக அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பப்பட்டு, 1844இல் மிஷனெரியாகத் திரும்பி வந்தார். சகோதரர்கள் சேர்ந்து 1853இல் ஆற்காடு மிஷனை ஏற்படுத்தினார்கள். வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் அந்தக் குடும்பத்துப் பேத்தி. அல்லேலூயா! நம்முடைய ஜனங்களில் எத்தனையோ பேர் அந்த ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் இந்த ஒரு குடும்பத்தையே அளவுகோலாக வைக்கலாமா? எல்லாருக்கும் ஏழு பேர் திரும்பி வருவதில்லை.

வில்லியம் கேரியின் மூத்த மகன் பெலிக்ஸைப் பாருங்கள். சிறு பையனாக 1793இல் தகப்பனோடு வங்காளத்துக்கு வந்தவன். 1800 டிசம்பரில் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்ற அதே நாளில், அதே ஹூக்ளி நதியில், தகப்பன் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றான். 1807இல் பர்மாவுக்கு மிஷனெரியாகப் போனான். 1814இல் ஐராவதி நதியில் படகு கவிழ்ந்து மனைவியையும் பிள்ளைகளையும் இழந்தான். அந்த நாட்களில் பர்மா ராஜாவின் தூதுவன் பதவியை ஏற்றுக்கொண்டான். கேரி அதைப் பெரிய இறக்கமாகவே எண்ணினார். ஆற்றில் குடும்பத்தையே பறிகொடுத்த ஒருவனை அந்தக் கணக்கில் நிறுக்க என்னால் முடியவில்லை. கடைசியில் செராம்பூருக்கே திரும்பி வந்து, வங்காள மொழியில் உடற்கூறு சாஸ்திர நூலைக் கொண்டுவந்து, 1822இல் இறந்தான். இவனைப் பற்றி நம் மேடைகளில் நான் கேட்டதே இல்லை.

இன்னொரு பையன் ஜார்ஜ் போர்ட்மன். 1828இல் பர்மாவின் தவாய் பட்டணத்தில் பிறந்தான். மூன்று வயசுக்குள் தகப்பனை இழந்தான். 1834இல், ஆறு வயசில், தாய் சாராள் அவனைத் தனியே அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். அந்த வருஷந்தான் அவர் அதோனிராம் ஜட்சனை விவாகம் செய்திருந்தார். தட்பவெப்பமும் வியாதியும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலம் அது, அனுப்பினதும் அன்பினால்தான். பதினொரு வருஷம் கழித்து, 1845இல், உடல்நலம் கெட்டு சாராளும் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். வழியில் செயின்ட் ஹெலினா தீவில் மரித்து, அங்கேயே அடக்கம்பண்ணப்பட்டார். மகன் தாயைப் பார்க்கவே இல்லை. அவன் பர்மாவுக்குத் திரும்பவில்லை. பிலதெல்பியாவில் போதகனாக இருந்தான். இது தோல்வியா? யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

பிள்ளையைக் கர்த்தருக்குக் கொடுத்தவள் என்றால் நமக்கு அன்னாள்தான் ஞாபகம் வருவாள். 1 சாமுவேல் 2:19ஐ நிதானமாக வாசியுங்கள். வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். பிள்ளை கண்முன் இல்லை. இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான், கை எவ்வளவு நீளம் வைக்கலாம் என்று மனசுக்குள்ளேயே அளவெடுத்துத் தைத்திருப்பாள். கொடுத்துவிட்டேன் என்று அவள் மறந்துவிடவில்லை. (ஏலியின் சொந்தக் குமாரர் இருந்த லட்சணத்தைப் பார்த்தால், அந்த வீட்டிலா பிள்ளையை விடுவது என்றுதான் நமக்குத் தோன்றும்!)

அதைவிட முக்கியமானது 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிறக்கும் முன்னே பொருத்தனை பண்ணப்பட்டவன், ஆலயத்திலேயே தூங்கினவன். ஆனாலும் அவன் அதுவரை கர்த்தரை அறியாதிருந்தான் என்று 7ஆம் வசனத்திலிருந்து விளங்குகிறது. கர்த்தர் தாமே வந்து, அவன் பேரைச் சொல்லி, திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். தாயின் பொருத்தனை அவனை வாசல்வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே கூப்பிடுகிற சத்தம் தேவனுடையதாகவே இருந்தது. பெற்றோருடைய அழைப்பு தானாகப் பிள்ளையின் அழைப்பு ஆகிவிடாது என்பதற்கு எனக்கு இதற்குமேல் ஆதாரம் வேண்டியதில்லை.

நம் சபை ஜெபத்தில் தாங்குகிற ஒரு குடும்பம், பல வருஷமாக வெளிநாட்டில் ஊழியம் செய்கிறவர்கள், விடுமுறைக்கு வந்திருந்தபோது அந்தச் சகோதரி என்னிடம் சொன்னார்: "பெரியவன் வேலைக்குப் போயிட்டான், சின்னவன் காலேஜ் போயிட்டான் பாஸ்டர். ராத்திரி ரெண்டு தட்டு மட்டும் எடுத்து வைக்கிறேன். எங்க ஜீவியத்தைக் கொடுத்தோம், சரி. அவங்க சின்ன வயசைக் கொடுக்க எங்களுக்கு உரிமை இருந்துச்சா?"

"உரிமை இல்லம்மா. பிள்ளை உங்க சொத்து இல்லை. ஆனா எந்தத் தகப்பனும் தாயும் தாங்க வாழ்ற இடத்துலதானே பிள்ளையை வளர்க்க முடியும்? விவசாயி மகன் வயல்ல வளர்றான், உங்க மகன் ஊழியத்துல வளர்ந்தான். இனிமே எங்கே நிக்கிறதுன்னு அவன்தான் கர்த்தர்கிட்ட கேக்கணும்" என்றேன். பெரியவன் போன் பண்ணுகிறதே குறைந்துவிட்டது என்றார். "சபைக்குப் போனியான்னு அப்புறம் கேளுங்க. முதல்ல சாப்பிட்டியான்னு கேளுங்க" என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டார்.

சபையாருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மிஷனெரி குடும்பம் வந்தால், "தம்பி, நீயும் அப்பா மாதிரி ஊழியத்துக்குத்தானே?" என்று அந்தப் பையனைக் கேட்காதிருங்கள். நாலு சபைகளில் நாலு பேர் கேட்டு, நாலு தடவையும் தலையாட்டிவிட்டு வருகிறான். அடுத்த வருஷம் அப்பாவோடு வரவே மாட்டேன் என்கிறான். அவனுக்குப் பிடித்த பாடம் எது, பந்து விளையாடுவானா என்று கேட்கலாமே!

நாம் அரிசிக்கும் வாடகைக்கும் அனுப்புகிறோம். பிள்ளையைப் பார்க்கப் போகும் டிக்கெட்டுக்கு அனுப்புகிறதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்க்கும்படி பயணச் செலவைச் சபையே ஏற்றுக்கொள்ளலாம் என்று மூப்பர்களிடம் பேசியிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார்கள். கொடுக்க ஏவப்படுகிறவர்கள் காணிக்கை உறையின்மேல் "பிள்ளைகள் பயணம்" என்று எழுதிப் பெட்டியில் போடுங்கள்.