கொடுத்த வாக்கும் மாறிய அணியும்

1962 ஆகஸ்ட் 15 அன்று ஜேம்ஸ் டிரெஸ்னாக் என்ற அமெரிக்கச் சிப்பாய், இராணுவ விசாரணை தம்மை எதிர்நோக்கியிருந்த வேளையில், எல்லையைக் கடந்து வடகொரியாவிடம் போய்ச் சேர்ந்தார். 2006-இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது. தண்டனைக்கு அஞ்சி அணி மாறியவரை எடைபோடுவது எளிது. நம் நாட்டு வழக்கொன்று அத்தனை எளிதன்று.

ஷா நவாஸ் கான் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்த படை அதிகாரி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது கைதியானார். பின்னர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, அதே மன்னரின் படையை எதிர்த்துப் போரிட்டார். 1945 நவம்பரில் செங்கோட்டையில் விசாரணை தொடங்கியது. மன்னரா, நாடா என்ற நிலை வந்தபோது நாட்டைத் தேர்ந்தேன் என்றார். விதிக்கப்பட்ட ஆயுள்கால நாடுகடத்தல் 1946 ஜனவரியில் ரத்தாயிற்று. பிரமாணத்தைக் காத்து, அணி மாற மறுத்து, ஜப்பானியர் முகாம்களில் வாடிய கைதிகளும் உண்டு.

வாக்குறுதி குறித்து மறுமையில் விசாரணை உண்டு என எச்சரிக்கிறது திருமறை (17:34). ஹுதைஃபா (ரலி) அவர்களையும் அவர்கள் தந்தையையும் வழிமறித்த குறைஷிகள், நபியவர்களுடன் சேர்ந்து போரிடுவதில்லை என்று வாக்கு வாங்கியே விட்டனர். பத்ரில் ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட நேரத்திலும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவ்விருவரையும் வாக்கைக் காக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிரிக்கு, அதுவும் நெருக்கடியில் கொடுத்த வாக்கு!

அப்படியானால் ஷா நவாஸ் செய்தது தவறா? ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஹுதைஃபா (ரலி) வாக்கைக் காக்க, போரிலிருந்து விலகி நின்றால் போதும். எவருக்கும் அநீதி செய்ய வேண்டியதில்லை. அந்நியனின் சிப்பாயோ பிரமாணத்தைக் காக்க, தன் மக்களின் அடிமைத்தளையைக் காக்க ஆயுதம் ஏந்த வேண்டும். படைத்தவனுக்கு மாறு செய்யும் காரியத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை. உடன்படிக்கையை முறிப்பதானால் வெளிப்படையாக முறிக்க வேண்டும் என்பதும் மார்க்கத்தின் கட்டளை (8:58). ஷா நவாஸ் ஒளிந்து துரோகம் செய்யவில்லை. பகிரங்கமாக எதிரணியில் நின்றார், நீதிமன்றத்திலும் அதை மறைக்கவில்லை. ஆயினும் மறுத்து வாடியவர்களைக் கோழைகள் எனல் தகாது. நிய்யத்தை அறிந்தவன் அல்லாஹ்வே.

நாம் சிப்பாய்கள் அல்லர். ஆனால் பாடி, அம்பத்தூர் ஆலைகளில் வேலைக்குச் சேர இடும் கையெழுத்தும், கடனுக்குச் சொல்லும் தவணையும், நிக்காஹில் ஏற்கும் மஹரும் வாக்குறுதிகளே. அவற்றை மீறும்போது, 'நிர்ப்பந்தம்' என்கிறோம். அந்த மீறலால் பயன் யாருக்கு என்று கேட்டுப் பார்ப்போம். நமக்கு மட்டுமே என்றால், ஷா நவாஸின் நியாயம் நமக்குப் பொருந்தாது.

வாக்கைக் காப்போராக வாழ அல்லாஹ் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.